கோதைக்குச் சொல்லாமல் விட்டது

கமலேஸ்வரிக்குப் பொறாமை புதிதல்ல. ஒஸ்லோவில், குரூருட் பக்கத்து மாடிக் குடியிருப்பில் அவள் இருக்கிறாள். எதிர்வீட்டு நோர்வேஜியக் கிழவியின் பால்கனிப் பூக்கள் தன்னுடையவற்றைவிடக் கொழுத்து நின்றால் அன்றைக்கு அவளுக்குத் தேநீர் இறங்காது. வேலை செய்வது ஒரு முதியோர் இல்லத்தில். அங்கே படுக்கையோடு கிடக்கும் ஒரு மூதாட்டி அவள் கையால் சாப்பிட்டு முடித்துவிட்டு, அடுத்த வேலைநேரத்துக்கு வந்தவளைப் பார்த்துச் சிரித்துவிட்டால், அந்தச் சிரிப்பு வீடு வந்து சேரும்வரை நெஞ்சுக்குள் கிடந்து குத்தும். இது கூடாத குணம் என்று அவளுக்கே தெரியும். கோயிலில் நின்று இதைக் குறைத்துத் தா என்று கேட்டும் இருக்கிறாள். கேட்டுக்கொண்டு நிற்கும்போதே முன்னால் நிற்பவளின் சேலை புதிதோ என்று பார்ப்பாள்.

ஒரு விஷயத்தில் மட்டும் பொறாமைப்பட அவளுக்கு வாய்ப்பே கிடைத்ததில்லை. அது அவளுடைய கணவர் மகேந்திரராசா. ஒஸ்லோ முழுக்கப் பஸ் ஓட்டி, முழங்கால் தேய்ந்து, அண்மையில் ஓய்வுபெற்றவர். சாப்பாடு எப்படி என்று கேட்டால் 'நல்லம்' என்பார். வெளியே குளிரா என்றால் 'ஓம்' என்பார். மகள் கம்சாயினி தொலைபேசியில் அழைத்தால் இரண்டு சொல் கேட்டுவிட்டு, 'இந்தா, அம்மாவோட கதை' என்று நீட்டிவிடுவார். மனைவி, மகள், அயலவர், கோயில் ஆட்கள் என்று எல்லோருக்கும் தன் மௌனத்தைச் சரிசமமாகப் பங்கிட்டுக் கொடுத்தவர் அவர். யாருக்கும் கூடக் குறையக் கிடைக்காத பொருளில் பொறாமைப்பட என்ன இருக்கிறது என்று கமலேஸ்வரி நிம்மதியாக இருந்தாள்.

அந்த நிம்மதி போன வருடம் ஜூன் மாதம், ஓர் ஆற்றுக் கப்பலில் போயிற்று.

தகப்பன் ஓய்வுபெற்றதைக் கொண்டாட மகள்தான் அந்தப் பயணத்தை வாங்கிக் கொடுத்தாள். ஜெர்மனியின் நூரன்பெர்க்கில் கப்பல் ஏறி, மைன் ஆற்றில் போய், ரைன் ஆற்றில் கலந்து, கொலோனில் இறங்க வேண்டும். ஒஸ்லோவிலிருந்து போன குழு என்பதால் வழிகாட்டி நோர்வேஜிய மொழியில்தான் பேசுவான். லூக்காஸ் என்று பெயர். ஒஸ்லோவில் படித்த ஜெர்மன்காரன். குழுவில் அநேகமாக எல்லோரும் வெள்ளைத் தலைகள். அவர்களுக்கிடையில் தனியாக ஒரு தமிழ்ப்பெண் நின்றாள்.

அவள்தான் கோதை. ஊர் திருச்சி. கணவர் ரங்கநாதன் ஒஸ்லோவில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பெரிய பதவியில் இருப்பவர். இருவருக்குமாகப் பயணத்தை அவர்தான் பதிவுசெய்திருந்தார். எந்த மொழியில் வழிகாட்டுவார்கள் என்பதைப் பார்க்காமலே செய்திருந்தார். கடைசி நேரத்தில் ஸ்தவாங்கரில் ஏதோ அவசர வேலை என்று அவர் நின்றுவிட, 'நீ போய்ட்டு வா' என்று இவளை மட்டும் விமானம் ஏற்றிவிட்டார். கோதைக்கு நோர்வேஜிய மொழி, கடையில் பை வேண்டுமா என்று கேட்டால் பதில் சொல்லும் அளவுக்குத்தான் தெரியும். ஐம்பதை எட்டாத வயது. கழுத்தில் மெல்லிய பருத்திச் சால்வை. எதைக் கேட்டாலும் கண்ணை விரித்துக் கேட்கும் முகம்.

முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்கு, ஒரே ஊர் ஆட்கள் என்று நினைத்தோ என்னவோ, கப்பல் பணியாள் மூவரையும் ஒரே மேசையில் இருத்திவிட்டான். கோதை கைகூப்பினாள். மகேந்திரராசாவை 'சார்' என்றாள். கமலேஸ்வரியை 'ஆன்ட்டி' என்றாள்.

இந்த 'ஆன்ட்டி'யைக் கமலேஸ்வரியால் விழுங்க முடியவில்லை. தனக்கும் அவளுக்கும் எட்டு ஒன்பது வயது வித்தியாசம் இருக்குமா? அக்கா என்று கூப்பிட்டால் நாக்கு சுளுக்கிவிடுமா? ஆனால் மகேந்திரராசாவுக்கு அந்த 'சார்' வேறு மாதிரி இறங்கியது. பஸ் சாரதியை யார் சார் என்று கூப்பிட்டிருக்கிறார்கள்? அவர் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மெனு அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று கோதை கேட்க, ஒவ்வொன்றாக விளக்கத் தொடங்கினார். சூப்பிலிருந்து மீனுக்கு வந்தார். மீன் வந்ததும், தான் நோர்வேக்கு வந்த புதிதில் வடக்கே மீன் தொழிற்சாலையில் வேலை செய்த கதைக்குப் போனார்.

அந்தக் கதையைக் கமலேஸ்வரி கரண்டியைக் கையில் பிடித்தபடி கேட்டாள். இருள் மூடிய மாரிகாலம். பனிப்புயலில் மலைப்பாதை அடைத்துக் கிடக்கிறது. தொழிற்சாலை மேலாளர் கடலில். அவருடைய மனைவிக்குப் பிரசவ வலி கண்டுவிடுகிறது. கரையில் நிற்பது மீன் ஏற்றும் வண்டி ஒன்றுதான். அதை ஓட்ட அப்போதைக்கு அங்கே நின்றவர் மகேந்திரராசா ஒருவர். நோர்வேயில் வண்டி ஓட்ட அனுமதிப்பத்திரம்கூட இல்லை. முன்னால் பனி அள்ளும் வண்டி போக, அதன் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டே மலையைத் தாண்டி, அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் இறக்கியிருக்கிறார். அன்றைக்குத்தான், இந்த நாட்டில் செய்தால் ஓட்டுநர் வேலைதான் செய்வது என்று முடிவெடுத்தாராம்.

"சூப்பர் சார். இதையெல்லாம் நீங்க எழுதணும்" என்றாள் கோதை. பிறகு கமலேஸ்வரி பக்கம் திரும்பி, "ஆன்ட்டி இந்தக் கதையை நூறு தடவை கேட்டிருப்பாங்க, இல்ல?" என்றாள்.

கமலேஸ்வரி சிரித்துவைத்தாள். அவள் அதை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அவர் ஏன் பஸ் ஓட்டப் போனார் என்பதே, முப்பது வருடத்துக்கு மேல் அவருக்குச் சோறு போட்ட அவளுக்குத் தெரியாது.

அன்று முதல் கப்பலில் அவள் கண்ணும் காதும் அவர்கள் இருவர் மீதே இருந்தன. தப்பாக எதுவும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். கைபடுவதில்லை, கண்ணால் சாடை காட்டுவதில்லை. பேச்சு மட்டும்தான். மேல்தளத்தில் பேச்சு, ஆற்று மதகுகளில் கப்பல் தண்ணீரோடு ஏறி இறங்கும்போது பேச்சு, காலைக் கோப்பியில் பேச்சு. தப்பாக ஏதாவது இருந்திருந்தால் சண்டை பிடித்திருக்கலாம். 'நீங்கள் ஏன் கதைக்கிறீங்கள்' என்று எந்த மனைவி சண்டை பிடிப்பாள்? அறைக்குள் வந்து கதவைச் சாத்தியதும் அவர் பழைய மகேந்திரராசா ஆகிவிடுவார். களைப்போ என்று கேட்டால் 'ஓம்'.

கப்பல் வூர்ஸ்பூர்க்கில் நின்ற நாளில், அங்கிருந்து பஸ்ஸில் ரோதன்பூர்க்குக் கூட்டிப்போனார்கள். மத்திய காலத்துச் சிறு நகரம். சுற்றி மதில், கோபுர வாசல்கள், உள்ளே சிவப்பு ஓட்டுக் கூரைகளும் கற்கள் பாவிய ஒழுங்கைகளும். எல்லோருக்கும் காதில் சொருகும் சிறு கருவி ஒன்று கொடுத்தார்கள். லூக்காஸ் எங்கே நின்று பேசினாலும் குரல் காதுக்குள் வரும். அவன் நோர்வேஜிய மொழியில் பேச, மகேந்திரராசா ஒரு காதால் கேட்டு, கோதைக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு நடந்தார்.

மேற்கு வாசலில் பெரிய மரக்கதவுக்குள் இன்னொரு சின்னக் கதவு இருந்தது. இரவில் கோட்டைக் கதவை அடைத்த பிறகு, பிந்தி வந்தவன் ஒருவன் மட்டும் குனிந்து நுழையக்கூடிய துவாரம் அது என்றான் லூக்காஸ். மகேந்திரராசா அதைத் தன் பாணியில் பெருப்பித்தார். கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட சனம் தரிப்பிடத்தில் நிற்பதுபோல, குளிருக்குள் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றவர்கள், காவல்காரனின் காலைப் பிடித்தவர்கள், பிந்தி வந்ததற்கு மனைவி நம்புகிற மாதிரிக் காரணம் யோசித்தவர்கள் என்று ஒரு கூட்டத்தையே அந்த வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். கோதை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"லூக்காஸ் அப்பிடிச் சொல்லேல்லையே" என்றாள் கமலேஸ்வரி.

"பரவால்ல ஆன்ட்டி. சார் சொல்றதுதான் நல்லா இருக்கு."

கமலேஸ்வரிக்கு முகம் சுட்டது. நோர்வேஜிய மொழி அவருக்குத் தெரிந்ததைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். முதியோர் இல்லத்தில் மேற்குக் கரைக் கிழவர்கள் வாய்க்குள் முணுமுணுக்கும் பேச்சைக்கூட விளங்கிக்கொள்கிறவள் அவள். மொழிபெயர்க்க வேண்டுமென்றால் அவளையல்லவா கேட்டிருக்க வேண்டும்? ஒருத்தரும் கேட்கவில்லை.

பிறகு மதில் மேல் ஏறினார்கள். கல்படிகளுக்கு மேலே, மரக்கூரை போட்ட ஒடுங்கிய நடைபாதை. ஒரு பக்கம் அம்புத் துளைகள், மறுபக்கம் ஊர்க் கூரைகள். போரில் குண்டு விழுந்து இடிந்த மதிலைக் கட்ட உதவியவர்களின் பெயர்களைக் கல்லில் பொறித்துச் சுவரில் பதித்திருந்தார்கள். கோதை ஒவ்வொரு பெயரையும் நின்று வாசித்தாள். அவளுக்குப் பக்கத்தில் மகேந்திரராசாவும் நின்றார். பாதை ஒடுக்கம் என்பதால் கமலேஸ்வரி எப்போதும் பின்னால்தான்.

கூரை பணிந்து வந்த ஓர் இடத்தில், "தலை கவனம் பிள்ளை" என்று அவர் கோதைக்குச் சொன்னார். கோதை குனிந்து போனாள். அவரும் குனிந்து போனார். அந்தச் சொல் தனக்கில்லை என்ற கோபத்தில் நிமிர்ந்தே நடந்த கமலேஸ்வரியின் நெற்றியில் உத்தரம் 'டக்' என்று மோதியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முன்னால் போனவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. அவளும் சத்தம் போடவில்லை. நெற்றியைத் தடவியபடி, இந்தப் பெண் ஒரு மணித்தியாலம் என் கண்ணில் படாமல் இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டாள்.

மத்தியானத்துக்குப் பிறகு எல்லோரையும் தங்கள் பாட்டில் ஊரைச் சுற்றிப் பார்க்க விட்டார்கள். மூன்றரைக்குச் சந்தைச் சதுக்கத்து மணிக்கூட்டின் கீழ் கூட வேண்டும் என்பது ஏற்பாடு. மகேந்திரராசா தன் காதுக் கருவியைக் கழற்றிக் கமலேஸ்வரியிடம் கொடுத்துவிட்டுக் கழிப்பறை தேடிப் போனார். இரண்டு பெண்களும் ஒரு பேக்கரி வாசலில் நின்றார்கள். சீனி தூவிய, பனிக்கட்டி உருண்டை போன்ற பலகாரங்களைக் கோதை கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது காதுக் கருவியில் லூக்காஸின் குரல் வந்தது. பஸ் நின்ற இடத்தில் ஏதோ வேலை நடப்பதால் அதை நகர்த்திவிட்டார்கள். மணிக்கூட்டுக்கு யாரும் வர வேண்டாம். மூன்றேகாலுக்கு எல்லோரும் தெற்கே ஸ்பிட்டால் வாசலுக்கு நேரே வந்துவிடுங்கள் என்று இரண்டு தரம் சொன்னான்.

கோதை காதைத் தொட்டுக்கொண்டு திரும்பினாள். "ஆன்ட்டி, என்ன சொன்னாரு? எதாவது மாறியிருக்கா?"

கமலேஸ்வரி அவளைப் பார்த்தாள். அவள் முதல் தடவையாகத் தன்னிடம் ஒன்றைக் கேட்கிறாள், அதுவும் அவர் பக்கத்தில் இல்லாததால் என்று தோன்றியது. நெற்றி வின்னென்று வலித்தது.

"ஒண்டுமில்லை" என்றாள். "நேரத்துக்கு வரட்டாம்."

கோதை நன்றி சொல்லிவிட்டு, கணவருக்கு ஏதாவது வாங்க வேண்டும் என்று சதுக்கத்துப் பக்கம் போனாள். போகும் வழியில் கையசைத்தாள்.

மகேந்திரராசா திரும்பி வந்ததும், கூடும் இடம் மாறிய விஷயத்தைக் கமலேஸ்வரி சொன்னாள். அந்தப் பிள்ளைக்குத் தெரியுமோ என்று அவர் கேட்டார். "அவவின்ர காதிலையும் மெஷின் கிடந்ததுதானே" என்றாள் அவள். அது பொய்யில்லை. அதற்குப் பிறகு கொஞ்ச நேரம், இருவரும் தனியே அந்த ஊருக்குள் நடந்தார்கள். எந்தப் பயணத்தைக் கற்பனை செய்துகொண்டு கப்பல் ஏறினாளோ அது இப்போதுதான் கிடைத்தது. ஆனால் அவர் ஒன்றும் பேசவில்லை. கடை வாசல் ஒன்றில் தொங்கிய மரப்பொம்மையைக் காட்டி, நல்லாயிருக்கோ என்று கேட்டாள். 'ஓம்' என்றார்.

ஸ்பிட்டால் வாசலுக்கு வெளியே பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, லூக்காஸ் ஆட்களை எண்ணி முடித்தபோது ஓர் இருக்கை காலி. கோதையைத் தொலைபேசியில் கூப்பிடும்படி மகேந்திரராசாவிடம் சொன்னான். அவரிடம் அவளுடைய தொலைபேசி இலக்கம் இல்லை. இவ்வளவு பேசியும் இலக்கம் வாங்கவில்லை என்று அறிந்ததும், அந்த நேரத்திலும் கமலேஸ்வரிக்கு ஒரு குளிர்ச்சி. லூக்காஸிடம் இருந்த இலக்கம் பதிவுசெய்த ரங்கநாதனுடையது. அவர் எடுக்கவில்லை. பஸ்ஸை அதிக நேரம் அங்கே நிறுத்த முடியாது, வூர்ஸ்பூர்க்கில் கப்பல் மாலையில் புறப்பட்டுவிடும். தான் இறங்கித் தேடிவிட்டு ரயிலில் வருகிறேன் என்று லூக்காஸ் சொன்னான். உடனே மகேந்திரராசா இருக்கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"நீர் இவையளோட போம், தம்பி. நான் போய்க் கூட்டிக்கொண்டு வாறன்" என்று தமிழில் ஆரம்பித்து, பாதியில் நோர்வேஜிய மொழிக்கு மாற்றினார். அந்த முகத்தில் இருந்த பதைப்பைக் கமலேஸ்வரி பார்த்தாள். பயங்கரமாக இருந்தது அவளுக்கு. தான் தொலைந்திருந்தால் இவர் இப்படி எழும்பியிருப்பாரா என்று மனம் கேட்டது. கேட்ட கையோடு இன்னொன்றும் தோன்றியது. அந்தப் பெண் இப்போது மணிக்கூட்டின் கீழே நிற்பாள். சொன்ன இடத்தில், சொன்ன நேரத்துக்கு, மொழி தெரியாமல் நிற்பாள்.

"உங்கட முழங்காலோட எங்கை ஓடப்போறியள்? இருங்கோ" என்றாள். "நான் போறன்."

அவர் மறுக்குமுன் இறங்கிவிட்டாள். லூக்காஸ் தன் இலக்கத்தைக் கொடுத்து, ரயில் நிலையம் இருக்கும் பக்கத்தையும் ஸ்டைனாக் என்ற இடத்தில் மாறி ஏற வேண்டும் என்பதையும் சொன்னான். பஸ் நகரும்போது கண்ணாடிக்குள் மகேந்திரராசாவின் முகம் அவளையே பார்த்துக்கொண்டு போயிற்று.

கற்கள் பாவிய ஏற்றத்தில் அவள் மூச்சு வாங்க நடந்தாள்; இடையில் ஓடினாள். இடம் மாறியது உமக்குக் கேட்கவில்லையா, கருவி பழுதாக்கும் என்று சொல்லிவிடலாம் என்று வழிநெடுக ஒத்திகை பார்த்தாள்.

சதுக்கத்தில், மணி அடிக்கையில் வெளியே வரும் பொம்மைகளுக்காகச் சனம் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு திரண்டு நின்றது. அந்தக் கூட்டத்துக்கு நடுவே கோதை மட்டும் மணிக்கூட்டைப் பார்க்காமல் நாலா பக்கமும் பார்த்துக்கொண்டு நின்றாள். காதில் இன்னும் கருவி. கையில் ஒரு காகிதப் பை. கமலேஸ்வரியைக் கண்டதும் ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கை ஈரமாக இருந்தது.

"ஆன்ட்டி, வந்துட்டீங்களா. எல்லாரும் போய்ட்டாங்கன்னு நெனச்சேன். யார்கிட்ட கேக்கறதுன்னே தெரியல."

ஒத்திகை பார்த்த வசனம் கமலேஸ்வரியின் வாயில் வரவில்லை. பஸ் போய்விட்டது, ரயிலில் போகலாம் என்று மட்டும் சொன்னாள்.

அந்தச் சின்ன ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். கோதை தண்ணீர் குடித்தாள். மூச்சு அடங்கியதும் வெளியே வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். வெகுநேரம் கழித்து, வயல்களிலிருந்து பார்வையை எடுக்காமலே பேசினாள்.

"பேக்கரிகிட்ட நிக்கும்போது அவர் 'ஸ்பிட்டால்'னு ஒரு வார்த்தை சொன்னார். என் காதுல விழுந்துச்சு. அப்பதான் இடம் மாறினதா?"

"ஓம்."

"உங்களுக்குப் புரிஞ்சுதா அப்ப?"

"விளங்கினது."

கோதை திரும்பினாள். ஏன் என்று கேட்டாள். கமலேஸ்வரி தனக்குள் காரணம் தேடினாள். 'ஆன்ட்டி' என்று கூப்பிட்டதாலா, உத்தரம் இடித்ததாலா? கடைசியில் சொன்னாள்: "அவர் என்னோட அப்பிடிக் கதைக்கிறேல்லை."

 கோதை பையை எடுத்துக்கொண்டு எழுந்து, பெட்டியின் மறுகோடியில் போய், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கமலேஸ்வரி தன் இடத்திலேயே இருந்தாள். அந்த முதுகின்மேல் கிடந்த சால்வை நல்ல நெசவு என்று அப்போதும் மனம் கண்டுகொண்டது. தன் மனத்தை நினைத்து அவளுக்கே வெறுப்பாக இருந்தது.

ஸ்டைனாக் வந்தபோது கோதை எழுந்து, எங்கே மாறுவதென்று தெரியாமல் திரும்பி இவளிடமே வந்து நின்றாள். வேறு வழியிருக்கவில்லை. அடுத்த ரயிலில் ஒன்றாகத்தான் உட்கார்ந்தார்கள்.

"ஆறு வருஷமா ஒஸ்லோல இருக்கேன்" என்றாள் கோதை. குரலில் கோபம் இருந்தது, அழுகை இல்லை. "அவர் நாள் முழுக்க மீட்டிங்ல பேசிட்டு வந்து வீட்ல பேசமாட்டார். பக்கத்து வீட்டுக்காரங்க ஹாய் சொல்லுவாங்க, அவ்வளவுதான். ஒரு மனுஷர் என்கிட்ட உக்காந்து பேசினது இந்த நாலு நாள்தான். அதையும் கெடுத்துட்டீங்க."

 பேசாத புருஷனோடு இருப்பது என்னவென்று இந்தப் பெண்ணுக்கும் தெரியும் என்பது கமலேஸ்வரிக்குப் புரிந்தது. ஆனால் புரிந்ததால் பொறாமை போய்விடவில்லை. உன் புருஷன் பேசாவிட்டால் என் புருஷனின் பேச்சா உனக்கு என்று உள்ளே ஒரு குரல் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

கப்பல் புறப்படுமுன் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மகேந்திரராசா ஏறும் பாலத்தடியிலேயே நின்றார். இரவுச் சாப்பாட்டு மேசையில் அவர் கோதையிடம் என்ன நடந்தது என்று விசாரித்தார். கமலேஸ்வரி தட்டைப் பார்த்துக்கொண்டு, இப்போது வரும் என்று காத்திருந்தாள்.

"என் தப்புதான் சார்" என்றாள் கோதை. "அவர் சொன்னது எனக்குப் புரியல. ஆன்ட்டி இல்லேன்னா மாட்டிருப்பேன்."

கோதை சொல்லாமல் விட்டுவிட்டாள். தப்பித்தோம் என்றுதான் கமலேஸ்வரி நினைத்திருக்க வேண்டும். ஆனால் மகேந்திரராசா கோதையைப் பார்த்த பார்வையில் கனிவு இருந்தது. இத்தனைக்கும் பிறகு பெருந்தன்மையும் அவளுக்கே போவதா என்று கமலேஸ்வரிக்கு நெஞ்சு புகைந்தது. அதையும் அவளுக்கு விட்டுக்கொடுக்க முடியவில்லை.

"அவவின்ர பிழையில்லை" என்றாள். "அவ என்னட்டைக் கேட்டவ. நான்தான் தெரிஞ்சுகொண்டு சொல்லேல்லை."

மகேந்திரராசா கரண்டியை வைத்தார். இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார். எழுந்து மேல்தளத்துக்குப் போய்விட்டார். கோதையும் சிறிது நேரத்தில் எழுந்து போய், பக்கத்து மேசையில் இருந்த இரண்டு நோர்வேஜியப் பெண்களோடு உட்கார்ந்தாள்.

கமலேஸ்வரி மேலே போனபோது வெளிச்சம் இன்னும் இருந்தது. கப்பல் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஊர்ந்துகொண்டிருந்தது. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் பக்கத்தில் போய் நின்று, ஏசுவதென்றால் ஏசுங்கோ என்றாள். அவர் ஏசவில்லை.

"ஊர் பேர் தெரியாத பெண்ணோட எல்லாம் கதைக்கிறியள்" என்றாள் அவள். "அந்த மீன் வண்டி ஓடின கதை முப்பது வருசமா எனக்குத் தெரியாது. எனக்கேன் சொல்லேல்லை?"

அவர் ஆச்சரியமாகத் திரும்பிப் பார்த்தார்.

"நீர்தானே வேண்டாம் எண்டனீர்."

"நானோ?"

"நீர் நோர்வேக்கு வந்து ரெண்டு மாசமிருக்கும். கம்சா வயித்திலை. ராவும் இருட்டு, பகலும் இருட்டு, நீர் ஒரே அழுகை. ஏதேன் கதைச்சுச் சிரிக்கப் பண்ணுவம் எண்டு இந்தக் கதையைத்தான் தொடங்கினனான். இந்த மீன் பக்டரிக் கதையளை இனி என்னட்டைக் கதைக்காதேங்கோ, கேட்டாலே சத்தி வருது எண்டனீர்."

கமலேஸ்வரி எவ்வளவு யோசித்தும் அது ஞாபகத்துக்கு வரவில்லை. மசக்கையில், மீன் நாற்றத்தில், ஏதோ ஒரு பகலில் சொல்லியிருக்கலாம். சொன்னவள் மறந்துவிட்டாள். கேட்டவர் அதைச் சட்டமாக எடுத்துக்கொண்டு, மீன் கதையோடு மற்றக் கதைகளையும் சேர்த்து மூட்டைகட்டி வைத்துவிட்டார். அவள் கேட்டிருந்தால் அவிழ்த்திருப்பார். அவளோ, அவர் பேசாத பிறவி என்றே முடிவுசெய்துவிட்டிருந்தாள்.

"இப்ப சொல்லுங்கோ" என்றாள்.

"கேட்டனீர்தானே, அண்டைக்கு மேசையிலை."

"அது அவவுக்குச் சொன்னது. எனக்குச் சொல்லுங்கோ."

அவர் சொன்னார். பழக்கமில்லாதவர் போலத் தடுமாறித்தான் தொடங்கினார். புயல், வண்டி, சிவப்பு விளக்கு எல்லாம் திரும்ப வந்தன. மலை உச்சிக்கு வந்ததும் நிறுத்தினார். அந்த இடத்தில் முன்னால் போன வண்டியின் விளக்கு பனியில் மறைந்துவிட்டதாம். தான் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பப் போகப் பார்த்தாராம். பின்னால் கிடந்த பெண் வலியோடு வலியாகத் தெரிந்த வசையெல்லாம் கொட்டித்தான் அவரை மேலே ஓட வைத்தாளாம். அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். பயத்தில் காற்சட்டையோடு மூத்திரம் போய்விட்டதாம். ஆஸ்பத்திரி வாசலில் தாதிகள் வந்து கைகுலுக்கக் கூப்பிட்டபோது இருக்கையை விட்டு எழும்பாமலே உட்கார்ந்திருந்தாராம். அந்த ஆளுக்கு எவ்வளவு அடக்கம் என்று ஊர் முழுக்கப் பேசிக்கொண்டார்களாம்.

கமலேஸ்வரி சிரித்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, நெற்றி வீக்கம் வலிக்க வலிக்கச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் ஒன்றைத்தான் கேட்டாள்.

"இதைக் கோதைக்குச் சொன்னனீங்களோ?"

"இதை எப்பிடி அந்தப் பிள்ளைக்குச் சொல்லுறது?"

அவளுக்கு அந்தப் பதில் இனித்தது. நெற்றியில் என்ன காயம் என்று அவர் அப்போதுதான் கண்டு கேட்டார். அவள் சொன்னாள். அவர் குனிந்து அந்த வீக்கத்தைப் பார்த்தார். பிறகு, நாளைக்கு அந்தப் பிள்ளையிடம் போய் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றார். "ஓம்" என்றாள் அவள்.

அடுத்த நாள் காலை கமலேஸ்வரி போய் மன்னிப்புக் கேட்டாள். கோதை சரி என்றாள், அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. மிச்ச நாட்களும் அவள் அந்த நோர்வேஜியப் பெண்களோடுதான் உட்கார்ந்தாள். கையாலும் கண்ணாலும் பேசி, பிறகு உடைந்த வார்த்தைகளால் பேசி, கொலோனில் இறங்கும்போது மூவரும் கட்டிப்பிடித்து விடைபெற்றார்கள். மகேந்திரராசாவைக் கண்டால் 'வணக்கம் சார்' என்று நிற்பாள். கமலேஸ்வரியை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. அந்த 'ஆன்ட்டி'கூட இல்லாமல்போனது அவளுக்கு ஒரு மாதிரி இருந்தது.

மாரிகாலத்தில் ஒருநாள் ஒஸ்லோவில் சுரங்க ரயிலில் கமலேஸ்வரி கோதையைக் கண்டாள். கோதை ஒரு குழந்தைகள் பராமரிப்பு நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்திருப்பதாகக் கோயிலில் கேள்விப்பட்டிருந்தாள். கோதை பக்கத்தில் நின்ற வேலைத் தோழியிடம் நோர்வேஜிய மொழியில் ஏதோ வேகமாகச் சொல்லிச் சிரித்தாள். இலக்கணம் தப்பு, ஆனால் தயக்கமே இல்லை. இவளைக் கண்டு தலையசைத்தாள். இவளும் அசைத்தாள். எங்களுக்கு இத்தனை வருடம் எடுத்தது இவளுக்கு அரை வருடத்தில் வந்துவிட்டதே என்று கமலேஸ்வரிக்கு வழக்கம்போல் வயிறு எரிந்தது.

மகேந்திரராசா இப்போது வீட்டில் பேசுகிறார். காலையில் கோப்பியோடு தொடங்கினால் சில நாள் அவள் வேலைக்குப் போகப் பிந்திவிடும். பஸ்ஸில் ஏறியவர்கள், இறங்கியவர்கள், இறங்க மறுத்தவர்கள் என்று அவரிடம் இன்னும் நிறைய இருக்கிறது. யாராவது சாப்பிட வந்தால் அவர்களுக்கும் சொல்கிறார். கமலேஸ்வரி பரிமாறிக்கொண்டே காதைத் தீட்டிவைத்திருப்பாள். தனக்குத் தெரிந்த கதை என்றால் நிம்மதியாகக் கறியை எடுத்து வைப்பாள். தனக்குத் தெரியாத கதை ஒன்று வந்துவிட்டால், அது முடியும்வரை கரண்டி கையிலேயே நிற்கும். விருந்தாளிகள் காலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு இறங்கிய கையோடு அவள் கதவைச் சாத்திவிட்டு, அவர் முன்னால் வந்து உட்கார்ந்து, அவர்களுக்குச் சொல்லாமல் விட்டது என்ன என்று கேட்பாள்.